தாத்தா குடித்த தண்ணீர்

"எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் இந்தத் தண்ணியத்தான் குடிச்சாரு. அவருக்கு என்ன ஆச்சு?" போர் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னால் மதுரை சுற்றுவட்டாரத்தில் பலரும் சொல்லும் பதில் இது. தாத்தா நலமாக இருந்திருக்கலாம். பேரனுக்கு அது உத்தரவாதம் அல்ல.

மேற்கு வங்கத்தில் குழாய்க்கிணற்று நீரால் வந்த ஆர்செனிக் பாதிப்பு 1983-ல் கண்டறியப்பட்டது. அங்கே ஒரே தண்ணீரைக் குடித்த ஒரே குடும்பத்தில் சிலருக்குத் தோலில் கரும்புள்ளிகளும் உள்ளங்கைத் தடிப்பும் வந்தன, சிலருக்கு வரவில்லை. உடலில் சேரும் ஆர்செனிக்கைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி படிப்படியாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. இந்த வேலை பாதியில் நின்றால் நச்சுத்தன்மை கூடும். ஒரே உரத்துக்கு ரகத்துக்கு ரகம் விளைச்சல் மாறுவதுபோல, இந்தத் திறனும் மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். யாருக்கு எந்த மரபணு என்று வெளியே தெரியாது. தண்ணீரைத்தான் சோதிக்க முடியும்.

நம் பகுதியில், குறிப்பாக உசிலம்பட்டிப் பக்கம், அதிகம் தெரிந்த சிக்கல் ஃபுளோரைடு. இரண்டுமே நிறத்திலோ மணத்திலோ தெரியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. குடிநீரில் லிட்டருக்கு ஆர்செனிக் 0.01 மில்லிகிராமையும், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது.

பாசன நீருக்கு வழக்கமாகப் பார்க்கும் உப்பு, கார அமிலப் பரிசோதனையில் இவை வராது. களப்பணியாளர்கள் இதை விவசாயிகளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். புதிதாக போர் போட்டாலும், பழையதை ஆழப்படுத்தினாலும், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் இவ்விரண்டையும் பெயர் சொல்லிக் கேட்டுப் பரிசோதியுங்கள்.