தலை எண்ணித் தண்டவாளமா?

கோவை கேட்டது பாதை. டில்லி கேட்டது தலைக்கணக்கு!

கோவைக்கும் மதுரைக்கும் மெட்ரோ ரயில் வேண்டுமெனத் தமிழக அரசு தீட்டி அனுப்பிய திட்டங்களை, 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. ஏன் என்று கேட்டோர்க்கு ஏட்டைப் புரட்டிக் காட்டினர். 2017ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மெட்ரோ ரயில் கொள்கை, 20 லட்சம் மக்கள் வாழும் நகருக்கே பொருந்துமாம். உங்கள் நகரங்கள் அந்த அளவை எட்டவில்லையாம்.

எட்டவில்லையா? அவர்களுடைய ஏட்டையே எடுத்துப் படிப்போம், தோழர்களே! 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, கோவை நகரத் தொகுதியில் வாழ்ந்தோர் 21 லட்சத்துக்கும் மேல். மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் நின்றுகொண்டு எண்ணினால் தொகை குறையும், மறுக்கவில்லை. ஆனால், எல்லைக்கல்லைக் கண்டதும் நின்றுவிடவா ரயில் கேட்கிறோம்? சூலூரிலிருந்து வருகிறவனும் சூடு பட்டுத்தானே வேலைக்கு வருகிறான்! எல்லைக்கு வெளியே உறங்கி, எல்லைக்கு உள்ளே உழைப்பவன், எந்தக் கணக்கிலும் சேராத எச்சமா?

அதுவும் 2011ஆம் ஆண்டுக் கணக்கு. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு, அந்த ஆண்டில் எடுக்கப்படவில்லை. பத்து வயதில் எடுத்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு, இருபத்தைந்து வயது இளைஞனைப் பார்த்து, "நீ இன்னும் சிறுவன், உனக்கு அரைக்கால் சட்டை போதும்" என்று சொல்லும் தையற்காரனை என்னவென்பது? கோவைக்கு அளவெடுத்தவர்கள் செய்தது அதுதான்.

ஆக்ராவைப் பாருங்கள். அதே 2011 கணக்கில், அந்த நகரத் தொகுதியின் மக்கள்தொகை 18 லட்சத்தை எட்டவில்லை. ஆயினும் 2019 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. 2024 மார்ச்சில் ரயில் ஓடியது. போபாலும் அந்தக் கணக்கில் 20 லட்சத்துக்குக் கீழேதான். 2025 டிசம்பரில் அங்கும் ரயில் புறப்பட்டது. ஆக்ராவின் செருப்புத் தொழிலாளி ரயிலேறுவது கண்டு நமக்குப் பொறாமை இல்லை, பூரிப்பே உண்டு. ஆனால், ஆக்ராவில் வளைந்த விதி அவிநாசிச் சாலையில் மட்டும் விறைத்து நிற்பானேன்? இதற்கு விடை வேண்டும்.

மதுரைக்கு வேறு வகை வாதம் வேண்டும்; அதனைப் பிறிதொரு ஞாயிற்றுக்கிழமை பேசலாம். இன்று கோவை.

டில்லி மறுத்துவிட்டது என்ற ஒரே காரணத்தால், ரயில் தேவை என்பது மெய்ப்பட்டுவிடாது. நல்லெண்ணத்தோடு ஐயம் எழுப்புவோர் நம்மூரிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பகைவரென ஏசுவது பகுத்தறிவாகாது. பதில் சொல்வதே பண்பு.

"சாலை குறுகல், பயணமோ சிறிது தூரம், இதற்கு ரயிலா?" என்பது ஒரு கேள்வி. மேடையில் ஒரு காட்சியாகவே இதனை வைத்துப் பார்ப்போம். அளவு நாடாவும் கையுமாக ஓர் அலுவலர். எதிரே, வேலை முடிந்து வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளி.

அலுவலர்: சாலை இவ்வளவு குறுகலாக இருக்கிறதே, பாதை எங்கே போடுவது?

தொழிலாளி: குறுகலாக இருப்பதனால்தானே ஐயா கேட்கிறோம்! அகலமாக இருந்தால் பஸ்ஸிலேயே போயிருப்போமே!

அலுவலர்: நீ நாள்தோறும் போவது சில கிலோமீட்டர்தானே?

தொழிலாளி: கிலோமீட்டரைக் கேட்கிறீர்கள், எத்தனை மணி நேரம் என்று கேட்கவில்லையே ஐயா!

திரை விழட்டும். தொழிலாளி சொன்னதில்தான் தோழர்களே, வழக்கின் உயிர் இருக்கிறது. செல்வர்க்குத் தூரம் என்பது எண்ணெய்ச் செலவு. ஏழைக்குத் தூரம் என்பது ஆயுட்செலவு! சிக்னலில் சிதறும் அரைமணி நேரம், குழந்தையின் முகம் பார்க்க வேண்டிய அரைமணி நேரம். அதனைத் திருப்பித் தரும் கருவூலம் எந்த நாட்டிலும் இல்லை.

"பாலங்கள் கட்டுகிறோமே, போதாதா?" என்பது அடுத்த கேள்வி. அவிநாசிச் சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு, 1,791 கோடி ரூபாயில், ஜி.டி. நாயுடு பெயர் தாங்கிய மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. விஞ்ஞானி ஒருவர் பெயருக்குப் பெருமை. விரைந்து செல்வோர்க்கு வசதி. வரவேற்கிறோம். ஆனால், பாலம் வண்டியைச் சுமக்கிறதேயன்றி வண்டிகளைக் குறைப்பதில்லை. காரும் ஸ்கூட்டரும் உள்ளவனை மேலே ஏற்றி அனுப்பிவிட்டோம். ஏதும் இல்லாதவன் கீழே நிறுத்தத்தில் நிற்கிறான். அவனுக்கு விடை என்ன?

"பஸ் போதும்" என்பார் சிலர். பஸ்ஸை நாம் பழிக்கமாட்டோம். 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லும் உரிமை பெற்ற பெண்களின் பெருமிதத்தைக் கண்டவர்கள் நாம். பஸ்தான் அடித்தளம். ஆயினும், சென்னையில் ஓடும் நான்கு பெட்டி மெட்ரோ ரயில் ஒன்று ஏறத்தாழ 1,200 பேரைச் சுமக்கிறது. இருபது பேருந்துகளின் வேலை அது! அந்த இருபதும் ஒரே நேரத்தில் அவிநாசிச் சாலையில் வந்து நின்றால், பஸ்ஸுக்குப் பஸ்ஸே தடையாகும். சந்து பொந்துக்குப் பஸ். சாலையின் முதுகெலும்புக்கு ரயில். இரண்டும் வேண்டும்.

"பணம்?" என்பது கனமான கேள்வி. கோவைத் திட்டத்தின் மதிப்பீடு 10,000 கோடி ரூபாய்க்கு மேல். சிறு தொகையல்ல. ஆனால், தள்ளிப்போட்டால் தொகை தேயுமா, வளருமா? கல்கத்தாவில் 1972இல் அடிக்கல் நாட்டினர். முதல் ரயில் ஓடியது 1984இல். டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுப் பாதையும் நிறைவுற்றது 1995இல். சென்னையின் இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் மத்திய உள்துறை அமைச்சரே அடிக்கல் நாட்டினார். 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் வந்தது 2024 அக்டோபரில். அடிக்கல்லுக்கும் அனுமதிக்கும் இடையே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்! அந்த ஆண்டுகளின் சுமையைத் தாங்கியது தமிழகக் கருவூலம்.

காத்திருந்தவர் கண்ட பயன் என்ன? பெங்களூரைக் கேளுங்கள். 2011 கணக்கில் 84 லட்சம் மக்களைக் கொண்டிருந்த அந்த மாநகரில், முதல் மெட்ரோ ரயில் ஓடியது அதே 2011இன் அக்டோபரில்தான். மூச்சு முட்டிய பிறகு ஜன்னல் திறந்த கதை அது. மறுபுறம், புடாபெஸ்ட் நகரைப் பாருங்கள். பத்து லட்சம் மக்கள்கூட இல்லாத காலத்தில், 1896இலேயே, நிலத்தடியில் ரயில் விட்டார்கள். அன்று போட்ட பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. வீதி நெரிந்த பிறகு வழி தேடவில்லை. வளரப்போகும் நகருக்கு வழியை முன்கூட்டியே வகுத்து வைத்தார்கள்.

இத்தனையும் டில்லியைப் பார்த்துச் சொன்னோம். இனி நம்மை நோக்கிச் சில சொற்கள்.

பாதை போட்டுவிட்டால் பயணிகள் தாமே வந்துவிடுவார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. சென்னையில் பறக்கும் ரயில் 1995இல் தொடங்கி 1997இல் மயிலாப்பூரையும் 2007இல் வேளச்சேரியையும் அடைந்தது. நிலையங்களோ மாளிகை போல் எழுந்தன. மக்களோ நெடுங்காலம் குறைவாகவே வந்தனர். ஏன்? நிலையத்து வாயிலில் பஸ் இல்லை. ஒரே சீட்டில் இரண்டிலும் செல்ல வழியில்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு எஞ்சியிருந்த 5 கிலோமீட்டர் நீட்டிப்பு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அந்தப் பாடத்தைக் கோவை மறக்கலாகாது. கணபதியிலும் சரவணம்பட்டியிலும் நிலையம் எழுந்தால், அதன் வாயிலில் பஸ் வந்து நிற்க வேண்டும். பஸ்ஸில் கட்டணமின்றி வரும் தாய், ரயில் வாயிலில் பர்சைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் நிலை வரக்கூடாது. கட்டணம் அவள் கூலிக்கு அடங்க வேண்டும். இல்லையேல், குளிரூட்டிய பெட்டியில் கோட்டு அணிந்தோர் செல்வர். கூலி பெறுவோர் தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பர். அதற்காகவா நாம் குரல் கொடுக்கிறோம்?

ஆகவே தோழர்களே, தெருமுனைக் கூட்டங்களில் இதனை எடுத்துப் பேசுங்கள். வசைமொழி வேண்டாம், வாதம் வேண்டும். 21 லட்சம் என்ற எண்ணைச் சொல்லுங்கள். ஆக்ராவையும் போபாலையும் சொல்லுங்கள். சாலை குறுகல் என்பாரிடம் தொழிலாளியின் விடையைச் சொல்லுங்கள். கோவைக்கு ரயில் கேட்கும் அதே மூச்சில், எளியவர்க்கு ஏற்ற கட்டணமும் இணைப்புப் பஸ்ஸும் கேளுங்கள். முன்னதை டில்லியிடம் கேட்போம். பின்னதை, கோட்டையில் எவர் அமர்ந்திருந்தாலும், அவரிடம் கேட்போம்.

ஆலைச் சங்கு கேட்டு எழுந்த ஊர் அது. நூலை நூற்றுத் துணி தந்தது. மோட்டார் செய்து தண்ணீர் தந்தது. மாவாட்டும் இயந்திரம் செய்து மகளிர் கைவலி தீர்த்தது. நாட்டுக்கு அத்தனை தந்த நகரம், தன் உழைப்பாளர் நேரத்தோடு வீடு சேர ஒரு பாதை கேட்கிறது. பழைய ஏட்டில் தலை எண்ணிக்கொண்டிருப்போர், ஒருநாள் மாலை அவிநாசிச் சாலைக்கு வந்து, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் மனிதர்களை எண்ணட்டும்!