பாகத்தை மாற்றும் முன் சோதித்துப் பாருங்கள்

உங்கள் வீட்டில் பழைய கார் இருக்கிறதா? சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது நடுங்குகிறதா? மேடு ஏறும்போது திணறுகிறதா? அப்படியென்றால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அப்பா அம்மாவிடமும் கொடுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காருக்காக நாம் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதி, சோதித்துப் பார்க்காமல் பாகங்களை மாற்றுவதிலேயே வீணாகிறது. இதை நான் பணத்தைத் தொலைத்துக் கற்றுக்கொண்டேன்.

என் காருக்கு வயது 18. சென்ற ஆண்டு அது நடுங்கத் தொடங்கியது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. பட்டறையில் கணினிக் கருவியைச் செருகிப் பார்த்தவர், “கலவையில் காற்று அதிகம் என்று காட்டுகிறது, ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது” என்றார். 280 ரிங்கிட் கொடுத்து மாற்றினேன். நடுக்கம் நிற்கவில்லை. “அப்படியென்றால் பெட்ரோல் பம்ப்பாக இருக்கும்” என்றார். இன்னொரு 350 ரிங்கிட். மொத்தம் 630 ரிங்கிட் போனது; நடுக்கம் அப்படியே இருந்தது. காலையில் வகுப்பில் கருதுகோளைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, மாலையில் வெறும் ஊகத்தை நம்பிப் பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்!

பக்கத்து வீட்டு மாமா பேருந்து நிறுவனம் ஒன்றில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். “தம்பி, காடியிடம் முதலில் கேட்டுப் பார்ப்போம்” என்று தன்னுடைய சிறிய கருவியைக் கொண்டு வந்தார். அதில் இரண்டு குறியீடுகள் தெரிந்தன. ஒன்று, பட்டறையில் சொன்ன பி0171. மற்றொன்று பி0301. முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்பது அதன் பொருள்.

என் காரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இக்னிஷன் காயில் உண்டு. ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி உண்டாவதற்குத் தேவையான உயர் மின்னழுத்தத்தைத் தருவது அதுதான். மாமா எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி இரண்டாவதில் வைத்தார். இரண்டாவதின் காயிலை முதலாவதில் வைத்தார். குறியீடுகளை அழித்துவிட்டு, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தால் பி0302! குறை இரண்டாவது சிலிண்டருக்கு மாறிவிட்டது. காயிலோடு சேர்ந்து குறையும் இடம்பெயர்ந்ததால், கெட்டது காயில்தான் என்பது உறுதியானது. 90 ரிங்கிட்டுக்குப் புதியது வாங்கிப் பொருத்தினோம். நடுக்கம் நின்றது. அந்தச் சோதனைக்கு ஒரு காசும் செலவாகவில்லை.

தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகளை நினைத்துப் பாருங்கள். காயில் இருக்கும் இடம் தற்சார்பு மாறி. எந்தச் சிலிண்டர் தவறுகிறது என்பது சார்பு மாறி. பிளக், பெட்ரோல், பம்ப் எல்லாம் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஒரே நேரத்தில் காயிலையும் பிளக்கையும் மாற்றியிருந்தால் எது குற்றவாளி என்று தெரிந்திருக்காது. குறியீடு பி0301 என்றே இருந்திருந்தாலும் நஷ்டமில்லை. காயில் நிரபராதி என்று தெரிந்திருக்கும்; அடுத்து பிளக்கை இடம் மாற்றிப் பார்த்திருப்போம்.

அப்படியானால் ஆக்சிஜன் சென்சார் பொய் சொன்னதா? இல்லை. சிலிண்டரில் எரியாமல் போன கலவையில் இருந்த ஆக்சிஜன் அப்படியே புகைக்குழாய்க்கு வந்தது. சென்சார் அதைத்தான் சொன்னது. உண்மையைச் சொன்ன சாட்சியை நாங்கள் குற்றவாளியாக்கிவிட்டோம். குறியீடு என்பது ஓர் உற்றறிதல். காரணத்தை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். காற்றுக்குழாயில் சிறு வெடிப்பு இருந்தாலும் இதே பி0171 வரலாம். “உஸ்” என்ற சத்தம் வருகிறதா என்று காதால் கேட்பதற்குக் காசு வேண்டியதில்லை.

பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. “சோதித்துப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும், 60 ரிங்கிட்” என்று ஒருவர் சொன்னால் நாம் முகம் சுளிக்கிறோம். “பார்ப்பதற்கே காசா?” என்கிறோம். ஆனால், 300 ரிங்கிட் பாகத்தைக் கையில் காட்டினால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம். சிந்தனைக்குக் கூலி கொடுக்க மறுத்தால், ஊகத்துக்கு விலை கொடுக்க நேரும். அடுத்த முறை பட்டறைக்குப் போனால், “இதுதான் கெட்டது என்று எப்படி உறுதி செய்தீர்கள்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு விளக்குவார்.

எல்லாவற்றுக்கும் சோதனை போதும் என்று நான் சொல்லவில்லை. டைமிங் பெல்ட்டைக் குறித்த கிலோமீட்டரில் மாற்றிவிட வேண்டும். அது அறுந்தால் பல கார்களில் எஞ்சினே பாழாகும். பிரேக்கில் விளையாடக் கூடாது. எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் தள்ளிப்போடாதீர்கள். எரியாத பெட்ரோல் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலை காயிலைப்போல் பல மடங்கு. காயிலில் உண்டாகும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டும். ஆகவே, ஓடும் எஞ்சினில் கை வைக்காதீர்கள். பெரியவர்கள் இல்லாமல் எதையும் கழற்றாதீர்கள்.

கடைசியாக ஓர் ஆசிரியரின் ஆதங்கம். ஆய்வுக்கூடத்தில் கருதுகோள் பொய்த்தால் மாணவர்கள் பலர் அதை அழித்துவிட்டு, புத்தகத்தில் உள்ள விடையை எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண்ணுக்குப் பயந்து நாங்களும் கண்டுகொள்வதில்லை. அப்படிப் பழகியவர், பெரியவரானதும் என்னைப்போல் 630 ரிங்கிட்டைத் தொலைப்பார். பொய்த்த கருதுகோளையும் நோட்டுப் புத்தகத்தில் அப்படியே எழுதி வையுங்கள்.

இந்த வாரம் வீட்டுக் காருக்கு ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். நடுக்கம் எப்போது வருகிறது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா சூடானபின்பா, மழையிலா மேட்டிலா என்று தேதியோடு எழுதுங்கள். பட்டறைக்குப் போகும் நாளில் அந்தக் குறிப்பேட்டை அப்பாவிடம் கொடுத்து அனுப்புங்கள்.