ஓயாத நீரோட்டம்

பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் ஆடிக்காற்று ஆயக்குடியின் கொய்யாத் தோப்புகளை அலைக்கழிக்கும் நாட்களில், மேலே செல்லும் மின்கம்பி விடாமல் ரீங்கரிக்கும். கம்பியைக் கடந்து போகும் காற்று அதன் இருபுறமும் மாறி மாறிச் சுழிகளை உதிர்ப்பதால் எழும் ஓசை அது. காற்றின் வேகத்துக்கும் கம்பியின் தடிமனுக்கும் அந்தச் சுருதிக்கும் உள்ள உறவைச் செக் நாட்டு அறிஞர் ஸ்ட்ரவுஹால் 1878இல் கணக்காக வகுத்தார். வேகம் கூடினால் சுருதி ஏறும். கம்பி தடித்தால் இறங்கும். அதே கணக்குதான் நம் சமவெளியிலிருந்து வெகு தொலைவில், காக்கிநாடாவுக்கு அப்பால் வங்கக் கடலின் தரையில், இரும்புக் குழாய்களின் ஆயுளை இன்று முடிவு செய்கிறது.

கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் டி6 பகுதியில் 2009 ஏப்ரலில் எரிவாயு எடுக்கத் தொடங்கினார்கள். 2020 டிசம்பரில் அங்கே ஆர் கிளஸ்டர் வயல் திறக்கப்பட்டபோது ஆழம் 2,000 மீட்டரைத் தாண்டிவிட்டது. இத்தகைய கடல்வயல்களில், கிணற்றுத் தலையையும் பல கிணறுகளின் வாயு வந்து கூடும் அமைப்பையும் இணைக்கும் குழாய்த் துண்டுக்கு ஜம்பர் என்று பெயர். பல இடங்களில் அதை ‘எம்’ எழுத்தைப் போல வளைத்து, தரையைத் தொடாமல் நிறுத்துவார்கள். உள்ளே வெப்பம் ஏறும்போது குழாய் நீளும், ஆறும்போது சுருங்கும். அந்த அசைவுக்கு இடங்கொடுக்கத்தான் வளைவு. ஆனால் நெகிழ்வுக்காகக் கொடுத்த வளைவே நீரோட்டத்துக்கு இசைந்து ஆடும் பலவீனத்தையும் அதற்குக் கொடுத்துவிடுகிறது. 30 செ.மீ. தடிமனுள்ள குழாயை நீர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் கடந்தால், ஏறக்குறைய மூன்று நொடிக்கு ஒரு முறை சுழி அதை உலுக்கும். அந்தத் தாளம் குழாயின் இயல்பான அதிர்வோடு பொருந்திவிட்டால் ஆட்டம் அடங்காது. ஓராண்டு நீடித்தால் ஒரு கோடி முறை. பற்றவைத்த மூட்டில் மயிரிழை விரிசல் விழுவது இப்படித்தான். புயலின் அலைகள் அந்த ஆழத்தை எட்டுவதில்லை. அங்கே இரும்பைக் களைக்க வைப்பது மெல்லிய, ஓயாத ஓட்டமே.

சீரான ஓட்டமும் இப்படி அலையும் என்பதை மனிதன் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1911 வாக்கில், பேராசிரியர் பிராண்டலின் மாணவர் ஹீமென்ஸ் ஓடும் நீரில் ஓர் உருளையை நிறுத்தி அழுத்தத்தை அளக்க முயன்றார். நீர் நிலைகொள்ளாமல் இருபுறமும் அலைந்தது. உருளை சரியான வட்டமில்லை என்றார்கள், இழைத்துத் திருத்தினார். வாய்க்கால் சமச்சீராக இல்லை என்றார்கள், அதையும் திருத்தினார். அலைச்சல் மட்டும் நிற்கவில்லை. காலைதோறும் அவரிடம் நிலவரம் கேட்டுவந்த இளைஞர் தியோடர் ஃபான் கார்மன், பிழை கருவியில் இல்லை, அலைவதே நீரின் இயல்பு என்று கண்டு அதற்குக் கணிதம் எழுதினார். 1950களில் இங்கிலாந்தின் ஸ்கிரூட்டனும் வால்ஷும், உயரமான புகைபோக்கிகள் காற்றில் ஆடாதிருக்க அவற்றின் மேல் திருகாகப் பட்டைகளைச் சுற்றும் வழியைக் கண்டார்கள். சுழிகள் ஒருமித்து உதிராதபடி அந்தத் திருகு கலைத்துவிடும். புகைபோக்கிக்குப் பிறந்த அதே பட்டைதான் இன்று கடலடிக் குழாய்களையும் சுற்றியிருக்கிறது.

ஓடும் நீரில் ஒன்றை ஊன்றி நிறுத்தும் கவலை நமக்குப் புதிதன்று. பாண்டிய நாட்டு ஏரிகளில் கரையைவிட்டு உள்ளே தள்ளி இரு கல்தூண்களை நட்டு, குறுக்குச் சட்டங்களால் பிணைத்து, அடியில் ஏரி நீரை வெளியேற்றும் குமிழித் தூம்பை அமைத்தவர்கள் நம் முன்னோர். மேல் துளை நீரைக் கொடுக்கும். கீழ்த்துளைகள் சேற்றை இழுத்துச் செல்லும். அதிர்வுக் கணக்கு அவர்களிடம் இருந்திராது. கல்லின் கனமும் தூணின் குட்டையான, தடித்த உருவமும் அந்தக் குறையை நிரப்பின. அதைவிட என் நெஞ்சைத் தொடுவது, தலைமுறை தலைமுறையாக நீருக்குள் இறங்கித் தூம்பைக் கையால் தடவிப் பார்க்க ஊரில் ஆள் இருந்தார்கள் என்பதுதான். தூம்பு செய்வித்தவர் பெயர் தூணிலேயே வெட்டப்பட்டது. செய்வித்தது யார் என்று மூன்று தலைமுறை கழித்து வந்தவனுக்கும் தெரியும்.

இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் எவரும் இறங்கித் தடவ முடியாது. இயந்திரக் கண்ணும் குழாயில் பொருத்திய உணரிகளுமே அங்கே கை. டி6 பகுதியின் முதல் எரிவாயு வயல்கள் 2020 பிப்ரவரியில் ஓய்ந்தன; ஆனால் அவற்றுக்காக அமைத்த மையக் கட்டுமானத்தைத்தான் பின்வந்த வயல்களும் பயன்படுத்துகின்றன. ஒரு தலைமுறை தாங்கிய அதிர்வு இப்படி அடுத்த தலைமுறைக்குச் சொத்தோடு சேர்ந்தே வருகிறது. 2009 முதல் எந்தக் குழாய் எத்தனை கோடி முறை ஆடியது, நீரோட்டம் எந்த மாதத்தில் எப்படி இருந்தது என்ற பதிவேடு வயலை நடத்தும் நிறுவனத்தின் அலமாரியில் முடங்காமல் சென்னையின் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும், ஐஐடியின் கடல்சார் பொறியியல் மாணவர்களுக்கும் வந்து சேரவேண்டும். 2024 ஜனவரியில் எண்ணெய் தரத் தொடங்கிய ஓஎன்ஜிசியின் 98/2 தொகுதியும் அதே படுகையில்தான் இருக்கிறது. அதன் குழாய்களுக்கான ஏட்டை இப்போதே எழுதத் தொடங்கலாம்.