கதையில் செத்தவளுக்குக் கண்ணீர் விடலாமா?

டெலிவிஷன் கதையில் ஒருவர் செத்துப் போகிறார். அதைப் பார்த்து வீட்டில் உள்ள பெண்கள் அழுகிறார்கள். ஆண்களிலும் சிலர் அழுகிறார்கள். அவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இதைக் கண்டு சிலர் சிரிக்கிறார்கள். "நடிப்பைப் பார்த்து யாராவது அழுவார்களா?" என்று கேலி செய்கிறார்கள்.

அழலாம். தாராளமாக அழலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால், அழுத பிறகு செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

லட்சுமி அம்மாள்

"பாண்டியன் ஸ்டோர்ஸ்" என்ற தொடர் விஜய் டெலிவிஷனில் 2018 அக்டோபரில் தொடங்கியது. 2023 அக்டோபர் வரை நடந்தது. மளிகைக் கடை வைத்துப் பிழைக்கும் ஒரு கூட்டுக் குடும்பத்தின் கதை. மூர்த்தி, ஜீவா, கதிர், கண்ணன் என்று நான்கு அண்ணன் தம்பிகள். மூத்த மருமகள் தனம். பிள்ளைகளுக்குத் தாய் லட்சுமி அம்மாள்.

2021-ஆம் ஆண்டில், கதைப்படி, லட்சுமி அம்மாள் இறந்து போனார். சாவு வீட்டை ஒரே நாளில் காட்டி முடிக்கவில்லை. நாள் கணக்கில் காட்டினார்கள். பிள்ளைகள் கதறினார்கள். வீட்டாருக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு பிரிந்திருந்த கடைசி மகன் கண்ணனும் கதறினான். பார்த்தவர்களும் சேர்ந்து அழுதார்கள்.

லட்சுமியாக நடித்தவர் ஷீலா. நடிகர் விக்ராந்தின் தாயார். அவர் சாகவில்லை. வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் அழுதார்கள்.

ஏன்?

தினம் வந்த விருந்தாளி

கன்னியாகுமரி மாவட்டத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது கீரிப்பாறை. ரப்பர் மரங்கள் நிறைந்த ஊர். அரசு ரப்பர் கழகத்தின் தோட்டம் அங்கே உண்டு. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் அதிகாலையிலேயே எழுந்து போக வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். மரம் மரமாக நடக்க வேண்டும். பட்டையைச் சீவ வேண்டும். வடிந்த பாலைச் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அடுப்பு, துணி, பிள்ளைகள்.

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண்ணுக்குச் சொந்தமான நேரம் எவ்வளவு? ராத்திரியில் ஓர் அரை மணி.

அந்த அரை மணியில்தான் லட்சுமி அம்மாள் வந்தார். ஏறக்குறைய மூன்று வருஷம் வந்தார். சொந்த அத்தை கூட கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும்தான் வருவாள். இவர் கூப்பிடாமலே வந்தார். தினம் வந்த விருந்தாளி ஒரு நாள் வராமல் போனால், மனம் கலங்காதா?

அழாமல் நின்ற அழுகை

இன்னொரு காரணமும் உண்டு. அது பெரிய காரணம்.

2021 எப்படிப்பட்ட வருஷம் என்று நினைத்துப் பாருங்கள். கொரோனாவின் இரண்டாவது அலை அடித்த வருஷம். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. உடலைத் துணி சுற்றிக் கொடுத்தார்கள். முகம் பார்க்க முடியவில்லை. இத்தனை பேருக்கு மேல் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்றார்கள். வெளியூரில் இருந்த பிள்ளை வந்து சேர முடியவில்லை. துஷ்டி கேட்கப் போகவும் பயம். பதினாறாம் நாள் அடியந்திரத்துக்குச் சொந்தபந்தம் கூடவில்லை.

சாவு நடந்தது. அழுகை நடக்கவில்லை.

அழாத அழுகை எங்கே போகும்? நெஞ்சிலேயே கிடக்கும். டெலிவிஷனில் ஒரு தாயைக் கிடத்தி, மாலை போட்டு, பிள்ளைகள் கூடி அழுதபோது, அது உடைத்துக்கொண்டு வந்தது. பெட்டியில் செத்தது லட்சுமி. வீட்டில் அழுதது அவரவர் அம்மைக்காக.

இதைப் பார்த்தா சிரிப்பது?

வில்லடியில் விழுந்த கண்ணீர்

கதைக்கு அழுவது நேற்று வந்த பழக்கமும் அல்ல. நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு நடக்கும். இரவிக்குட்டிப் பிள்ளை என்ற வேணாட்டுப் படைத்தலைவனின் கதை அங்கே பாடப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் மதுரைத் திருமலை நாயக்கரின் படையோடு, நாகர்கோவில் பக்கத்தில் உள்ள கணியாகுளத்தில் போர் செய்து மாண்டவன் அவன். முத்துப்பட்டன் கதையும் அப்படித்தான். மாடுகளைக் காக்கப் போன இடத்தில் உயிரை விட்டவன் முத்துப்பட்டன்.

முடிவு என்ன என்று கேட்பவர்களுக்கு முன்பே தெரியும். ஆனாலும் அந்த இடம் வந்தால் கண் கலங்கும்.

சீமையிலும் இதே கதைதான். 1893-இல் கானன் டாயில் என்ற எழுத்தாளர் தம் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸைக் கதையில் சாகடித்தார். வாசகர்கள் கொதித்தார்கள். பத்து வருஷம் கழித்து ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார். 2001-இல் ஓர் இந்தித் தொடரில் மிகிர் என்ற கணவன் இறந்தபோது பார்த்தவர்கள் விடவில்லை. அவனையும் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கதைக்காரர் மனம் வைத்தால் செத்தவர் எழுந்து வருவார். நம் வீட்டில் போனவர் வருவாரா?

முல்லையும் சித்ராவும்

இங்கே ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். அதே "பாண்டியன் ஸ்டோர்ஸ்" தொடரில் முல்லையாக நடித்தவர் சித்ரா. 2020 டிசம்பர் 9-ஆம் தேதி அவர் மறைந்தார். அது நிஜமான சாவு. முல்லை மட்டும் சாகவில்லை. வேறு நடிகை வந்து முல்லையானார். கதை நடந்தது.

சித்ராவுக்காக உண்மையாக அழுதவர்கள் ஏராளம். ஆனால், அவருடைய சாவை அடுத்த நாள் கதை போலப் பேசியவர்களும் ஏராளம். அப்படி இருக்குமோ, இப்படி இருக்குமோ என்று ஆளுக்கொரு துப்பு சொன்னார்கள். பெற்ற பெண்ணைப் பறிகொடுத்தவர்கள் காதில் அது விழுமே என்று நினைக்கவில்லை.

கதையின் சாவைத் துக்கமாக எடுத்துக்கொண்டோம். நிஜச் சாவைக் கதையாக எடுத்துக்கொண்டோம். வெட்கப்பட வேண்டியது எதற்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

அழுத பிறகு என்ன?

வில்லுப்பாட்டில் அழுகையோடு காரியம் முடியாது. செத்தவருக்குப் படையல் உண்டு. ஊரார் கூடி நிற்பார்கள். பக்கத்தில் அழுதவள் யார் என்று பார்ப்பார்கள். டெலிவிஷனில் அது இல்லை. அழுகை முடிந்தால் சோப்பு விளம்பரம் வந்துவிடும். ஆகவே, மிச்சக் காரியத்தை நாம்தான் செய்ய வேண்டும்.

அடுத்த முறை தொடரில் யாராவது இறந்து, வீட்டில் யாராவது அழுதால், கேலி செய்யாதீர்கள். "யாரை நினைத்து அழுகிறாய்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பதில் வரும். அந்தப் பதிலில் லட்சுமி அம்மாள் இருக்க மாட்டார். சொந்த மனிதர் ஒருவர் இருப்பார். அவரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள்.

இன்னொன்று. அந்தப் பெட்டிக்கு எதிரிலேயே, சுவரில் சாய்ந்துகொண்டு, உங்களோடு சேர்ந்து அதே கதையைப் பார்க்கிறாரே உங்கள் மாமியார், உங்கள் அம்மை? அவர் ராத்திரிச் சோறு சாப்பிட்டாரா? மாத்திரை போட்டாரா?

கேட்டீர்களா?