ஜனாஸாவைச் சுமந்தவரின் மனத்தை யார் சுமப்பது?



திருவண்ணாமலை மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் பாதையில், நகருக்கு மறுபுறத்தில் அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. அதே மலையின் நகரப் பக்கச் சரிவில், 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகர் வீடுகளின் மேல் விழுந்தன. ஏழு பேர் புதையுண்டனர். அவர்களில் ஐவர் சிறார். தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும் தீயணைப்பு வீரர்களும் காவல்துறையினரும் சேற்றையும் பாறையையும் அகற்றி, அடுத்த நாட்களில் உடல்களை மீட்டனர். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு நாட்களில் தீபத் திருவிழா வந்தது. செய்தியும் நகர்ந்து சென்றது.

ஒரு கேள்வி மட்டும் கேட்கப்படாமலே போயிற்று. சேற்றிலிருந்து ஒரு குழந்தையின் உடலைக் கையில் ஏந்திய மனிதர், அன்றிரவு வீடு திரும்பித் தம் குழந்தையின் அருகில் எவ்வாறு கண்ணயர்ந்திருப்பார்?

இது அரசுப் பணியாளர்களைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. நம் சமுதாயத்தின் மீதான கேள்வியும் ஆகும். கொரோனாக் காலத்தில், 2020-லும் 2021-லும், பெற்ற பிள்ளைகளே நெருங்க அஞ்சிய உடல்களைத் தமிழ்நாடெங்கும் மதம் பாராமல் அடக்கம் செய்தவர்களில் முஸ்லிம் தன்னார்வலர்கள் முன்னணியில் நின்றனர். தமுமுக போன்ற அமைப்புகளின் ஆம்புலன்ஸ்கள் இரவு பகலாக ஓடின. அதை மேடைதோறும் பெருமையுடன் கூறுகிறோம், கூறவும் வேண்டும். அந்த இளைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம், சான்றிதழ் வழங்கினோம். "உறங்குகிறீர்களா?" என்று எத்தனை பேர் கேட்டோம்?

கேட்காதது மட்டுமன்று நம் குற்றம். அவர்களில் ஒருவர் துணிந்து வாய் திறந்தால், நாம் என்ன விடை தருகிறோம்? "ஈமான் பலவீனம்." "தொழுகையில் கவனம் இல்லை." "ஆண்பிள்ளை இதற்கெல்லாம் கலங்கலாமா?" இந்த மூன்று வாக்கியங்களும் எத்தனையோ வாய்களை அடைத்துவிட்டன. இவற்றைக் கூறுவோர் மார்க்கத்தின் பெயரால் கூறுகின்றனர். அந்த மார்க்கம் உண்மையில் என்ன கற்பிக்கிறது என்று பார்ப்போம்.

யஃகூப் (அலை) அவர்கள் மகன் யூசுஃபைப் பிரிந்த துயரத்தால் கண்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு வருந்தினார்கள் என்று குர்ஆன் கூறுகிறது. அவர்களின் ஈமானை யார் குறை கூறுவார்? உஹதுப் போரில் ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷீ, பல ஆண்டுகள் கழித்து இஸ்லாத்தை ஏற்று வந்தார். நபி (ஸல்) அவர்கள் அவரது இஸ்லாத்தை ஏற்றார்கள், பழிதீர்க்கவில்லை. ஆயினும், தம் பார்வையில் படாமல் இருக்க இயலுமா என்று அவரிடம் கேட்டதாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. மன்னிப்பு முழுமையாக இருந்தது. கண்ட காட்சியின் வலியும் இருந்தது. மனிதருள் மிக உயர்ந்த ஈமான் கொண்டவர்களின் உள்ளத்திலேயே ஒரு காட்சி இத்தனை ஆண்டுகள் வலித்ததெனில், ஆம்புலன்ஸ் ஓட்டும் இருபத்தைந்து வயது இளைஞரிடம் "மறந்துவிடு" என்று கட்டளையிட நாம் யார்?

குடும்பத்தாரையும் அந்த வழிமுறை மறக்கவில்லை. மூத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரது இல்லம் சென்று பிள்ளைகளை அருகில் அழைத்து அணைத்தார்கள், கண்ணீர் வடித்தார்கள். அக்குடும்பத்தார் துயரில் மூழ்கியிருப்பதால் அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு பணித்தார்கள். "ஸப்ர் செய்யுங்கள்" என்ற ஒரு சொல்லோடு திரும்பிவிடவில்லை.

நோய்க்கு மருந்து தேடுவது தவக்குலுக்கு முரணன்று என்பதை நாம் அனைவரும் ஏற்கிறோம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை விழுங்கும்போது எவரும் நம் ஈமானை அளப்பதில்லை. மனம் மட்டும் ஏன் விதிவிலக்கு? கி.பி. 934-இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார்; உடல் நோயுறுவது போல உள்ளமும் நோயுறும், அதற்கும் சிகிச்சை வேண்டும் என்று வாதிட்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர் திறந்த கதவை நாமே அடைத்து வைத்திருக்கிறோம். அடைத்ததன் விலையையும் அறிவோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்து வரப்பட்டுத் தனியார் காப்பகக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி மாண்டனர்.

எனவே, இணையவழியிலும் தொலைபேசியிலும் கிடைக்கும் மனநல ஆலோசனையைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்போருக்குச் சொல்கிறோம்: இது நம் குடும்பங்களுக்காகவே அமைந்தது போன்ற வாயில். மருத்துவமனை வாசலில் உறவினர் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சும் ஆண், வீட்டைவிட்டு வெளியேற இயலாத மனைவி, இத்தாவில் இருக்கும் பெண், நள்ளிரவில் பணி முடிந்து திரும்பும் ஓட்டுநர் ஆகிய எல்லோர்க்கும் இது எட்டும். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

"வீட்டு ரகசியத்தை அந்நியரிடம் சொல்வதா?" என்பர். மருத்துவரிடம் உடலைக் காட்டுவது போன்றதே இது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை பெறுவோரின் ரகசியத்தைக் காப்பதை உரிமையாகவே ஆக்கியுள்ளது. தேநீர்க் கடையிலும் திருமண மண்டபத்திலும் நாம் பரப்பும் பேச்சுக்கு அத்தகைய காவல் ஏதும் இல்லை!

இணையத்தில் காண்போர் அனைவரையும் நம்பிவிட வேண்டும் என்பதன்று இதன் பொருள். பணம் கட்டுமுன் தகுதியைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்திலும், மனநல மருத்துவர் மருத்துவ மன்றத்திலும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவெண்ணைச் சொல்லத் தயங்குபவரை விட்டு விலகுங்கள். ஓதிப் பார்ப்பதற்கு ஆயிரக்கணக்கில் விலை பேசுபவரையும் அவ்வாறே. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால், தொலைபேசியோடு நிற்காமல் அரசு மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள்.

வீட்டாரும் அறிகுறிகளை அறிய வேண்டும். கண்ட காட்சி கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வருதல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், காரணமற்ற சினம், அந்த இடத்தையோ பேச்சையோ தவிர்த்தல், உறக்கமின்மை. இவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால் உதவி நாட வேண்டும். "என்ன பார்த்தாய், சொல்" என்று வற்புறுத்தாதீர்கள். அவராகப் பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே, உங்களிடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் செயலன்று. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரத்தின் கீழ் 14416 என்ற எண்ணை எழுதுங்கள். ஜனாஸாப் பணியையும் ஆம்புலன்ஸ் பணியையும் அதே நான்கு இளைஞர்களின் தோளில் ஆண்டுக்கணக்கில் ஏற்றாமல் முறைவைத்துப் பகிருங்கள். ஜும்ஆ உரையில் ஒருமுறையேனும் இதைப் பேசச் செய்யுங்கள். கட்டணம் செலுத்தி ஆலோசனை பெற வேண்டியவருக்கு ஸதகா நிதியிலிருந்து, பெயர் வெளியே தெரியாமல், உதவுங்கள்.

மய்யித்தைக் கண்ணியத்துடன் அடக்குவது நம் மீதுள்ள கடமை. அதைச் சுமந்து சென்றவர் உயிரோடிருக்கும்போதே உள்ளுக்குள் புதைந்துபோகாமல் காப்பதும் அமானிதமே. நாளை மறுமையில் இரண்டைப் பற்றியும் கேட்கப்படுவோம்.

துயருற்ற உள்ளங்களுக்கு வல்ல அல்லாஹ் ஆறுதலையும் நற்சுகத்தையும் வழங்குவானாக! அவர்களின் சுமையைப் பகிரும் மனத்தை நமக்கும் தருவானாக! ஆமீன்.