ஒரு பெட்டிக்கு ஒரே பட்டியல்



நமது தொம்மலூர்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ரெயில்வே வேலைக்கு மனுச் செய்கின்றனர். அத்தேர்வு இப்பொழுது காகிதத்தில் நடைபெறுவதன்று, கணிப்பொறியில் நடைபெறுவது. தொழில்நுட்பம் சாராப் பதவிகளுக்குரிய முதற்கட்டத் தேர்வில் 90 நிமிடங்களில் 100 வினாக்கள். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். விடை அறிந்திருந்தும், மௌஸைப் பிடித்துப் பழகாத கை பிழை செய்தால் அந்தப் பிள்ளையின் ஓராண்டு உழைப்பு வீணாகும். ஆகவே, சென்ற திங்கள் சங்கக் கூடத்தில் ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு நடத்தத் துணிந்தோம்.

அன்பர்கள் இரவல் தந்த பழைய கணிப்பொறிகள் பன்னிரண்டு. கூடத்தில் இண்டர்நெட் வசதி இல்லை, அது தேவையுமில்லை. வினாத்தாளைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு மடிக்கணினியில் வைத்து, பதினாறு துளைகள் கொண்ட ஸ்விட்ச் பெட்டியொன்றின் வழியே பன்னிரண்டுக்கும் வழங்கினாற் போதும்.

கேபிளினுள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பிகளையும் சமமாகத் தாக்குவதால், மறுமுனையில் அது கழிந்துபோகும். முறுக்கின் பயன் அதுவே. ஆதலால் முனையில் முறுக்கை வேண்டிய அளவுக்குமேல் பிரித்தலாகாது. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசை இரு முனைகளிலும் மாறாதிருத்தல் வேண்டும். ஒரு கேபிள் 100 மீட்டரைத் தாண்டலாகாது. நடைவழியில் கிடத்தாமல் சுவரோரமாக ஒட்டிச் சென்றோம்.

ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் எண் வேண்டும். 192.168 என்று தொடங்கும் எண்கள் 1996ஆம் ஆண்டின் விதிப்படி இத்தகைய தனி வலைகளுக்கென ஒதுக்கப்பட்டவை. எவரிடமும் அனுமதி பெற வேண்டுவதில்லை. அவற்றைத் தானே பங்கிட்டளிக்கும் வேலையை மடிக்கணினியிடம் ஒப்படைத்தோம்.

முதல் ஞாயிறன்று காலை யாவும் நன்றே நடந்தன. அப்போது, கைப்பேசிகளுக்கும் உதவுமே என்றெண்ணி, ஓர் அன்பர் தம் வீட்டு வைஃபை ரௌட்டரைக் கொணர்ந்தார். நாமும் யோசியாமல் அதனை ஸ்விட்சில் செருகினோம். அடுத்த முறை கணிப்பொறிகளை இயக்கியபோது ஐந்தில் வினாத்தாள் திறக்கவில்லை. அவற்றுள் ஒன்றின்முன் அமர்ந்திருந்தவள் முருகேஷ்பாளையத்துப் பெண். வீட்டு வேலைக்குச் செல்பவள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவள். "நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனாண்ணா?" என்று கேட்டாள். நாம் நாணினோம்.

பிழை அவளுடையதன்று. ரௌட்டரும் எண் வழங்கும் இயல்புடையது. முந்தி அழைத்தவரிடம் எண் பெற்றுக்கொள்வது கணிப்பொறியின் வழக்கம். ஐந்து பொறிகள் ரௌட்டரிடம் வேறு வரிசை எண் பெற்று, மடிக்கணினியைக் காண இயலாமற் போயின. ஒரே பெட்டிக்கு இரு குமாஸ்தாக்கள் தனித்தனியே படுக்கைப் பட்டியல் எழுதினால் என்ன ஆகும்? ரெயில்வேயில் டெல்லி, கல்கத்தா, பம்பாய், சென்னை, செகந்திராபாத் முன்பதிவு மையங்கள் ஐந்தும் 1999இல் முழுதும் இணைக்கப்பட்ட வரலாற்றை அறிந்த நாமே இதனை மறந்தோம்!

ரௌட்டரைக் கழற்றினோம், ஐந்து பொறிகளையும் மீண்டும் இயக்கினோம். முக்கால் மணி நேரம் போயிற்று. அப்பெண்ணுக்கு மட்டும் பிற்பகலில் முழு 90 நிமிடங்களும் தந்தோம். முதல் இருபது வினாக்களில் தடுமாறிய கை, பின்னர் தடுமாறவில்லை.

தற்காலிகமானதுதானே என்று எதனையும் அலட்சியமாகக் கட்டலாகாது. மாலையில் கழற்றி வைக்கப்படும் வலைதான். ஆயினும் அதன்முன் அமர்பவரின் நாள் திரும்ப வராது. இப்பொழுது ஸ்விட்சின்மேல் ஒரு சீட்டு ஒட்டியுள்ளோம்: "கேளாமல் எதையும் செருகாதீர்."

அடுத்த வகுப்புக்கு இன்னும் மூன்று கணிப்பொறிகளுக்குத் துளை காலியாக இருக்கிறது. வீட்டில் சும்மா கிடப்பதை இரவல் தருவோர் சங்கத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.