பழைய லேப்டாப்புக்காக வீட்டுப் பூட்டைக் கழற்றாதீர்கள்

முதல் கம்ப்யூட்டர் எல்லோருக்கும் கடையிலிருந்து பெட்டியோடு வருவதில்லை. அண்ணன் புது லேப்டாப் வாங்கியதால் தம்பிக்கு வந்த பழையது, அலுவலகத்தில் கழித்துவிட்டு ஊழியர்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தது, வெளிநாட்டு உறவினர் ஊருக்கு வந்தபோது விட்டுச் சென்றது எனப் பலருக்கும் முதல் கம்ப்யூட்டர் இப்படித்தான் கிடைக்கிறது. வேர்ட் திறக்கிறது, பாட்டுப் பாடுகிறது, சினிமா ஓடுகிறது. வீட்டு வை-ஃபை மட்டும் கிடைப்பதில்லை. அதே மேஜையில் இருக்கும் மொபைல் போனில் நெட் ஓடுகிறது. லேப்டாப் திரையின் ஓரத்தில் மட்டும் சிவப்புப் பெருக்கல் குறி.

இந்த நிலையில் அக்கம்பக்கத்தில் இரண்டு யோசனைகள் கிடைக்கும். ஒன்று, "இது பழசு, புதுசு வாங்கிவிடுங்கள்." இரண்டாவது, "ரௌட்டரில் பாஸ்வேர்டை எடுத்துவிட்டால் கனெக்ட் ஆகிவிடும்." முதல் யோசனையைக் கேட்டால் பணம் போகும். இரண்டாவது அதைவிட மோசமானது. ஒரு பழைய கம்ப்யூட்டருக்காக வீட்டிலுள்ள அத்தனை பேரின் பாதுகாப்பையும் குறைக்கச் சொல்கிறது. இரண்டும் தேவையில்லை என்பதே என் கருத்து. வரிசையாகச் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் செலவில்லாமல் சரியாகிவிடும். அப்படியும் சரியாகாவிட்டால் சில நூறு ரூபாயில் தீர்வு உண்டு.

முதலில் ஸ்விட்சைத் தேடுங்கள்

இன்றைய லேப்டாப்களில் வை-ஃபையை நிறுத்துவதும் இயக்குவதும் திரையிலேயே நடக்கிறது. 2003ல் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோவை அறிமுகம் செய்த பிறகு லேப்டாப்களுக்குள் வயர்லெஸ் கார்டு வைத்துத் தருவது பரவலானது. அந்தக் காலத்து லேப்டாப்கள் பலவற்றில் இதற்கெனத் தனி ஸ்விட்ச் இருந்தது. விமானத்தில் நிறுத்தி வைக்கவும் பேட்டரியை மிச்சப்படுத்தவும் அது உதவியது.

பழைய திங்க்பேட் மாடல்கள் பலவற்றில் இது முன்பக்க விளிம்பில் சிறிய நகர்த்தும் ஸ்விட்சாக இருக்கும். டெல் இன்ஸ்பிரான் மாடல்கள் பலவற்றில் எஃப்.என். கீயை அழுத்தியபடி எஃப்2 கீயை அழுத்த வேண்டும். எச்.பி. லேப்டாப்கள் பலவற்றில் எஃப்12 கீயில் சிறிய விளக்கு இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் எரிந்தால் வயர்லெஸ் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். உங்கள் மாடலில் எது என்று தெரியாவிட்டால் நான்கு பக்க விளிம்புகளையும் கைவிரலால் தடவிப் பாருங்கள். பிறகு கீபோர்டின் மேல் வரிசையில் ஆன்டெனா போன்ற படம் உள்ள கீயைத் தேடுங்கள். லேப்டாப்பைப் பையில் வைத்து எடுக்கும்போது இந்த ஸ்விட்ச் தானாக நகர்ந்துவிடுவது சாதாரணம். விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்தாலும் இது சரியாகாது.

அடுத்து டிரைவர்

ஸ்விட்ச் சரியாக இருந்தும் பயனில்லை என்றால் கன்ட்ரோல் பேனலுக்குச் செல்லவும். விண்டோஸ் 7ல் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர் திறந்து, இடதுபுறம் உள்ள சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ் என்பதில் கிளிக் செய்திடவும். வயர்லெஸ் நெட்வொர்க் கனெக்‌ஷன் ஐகான் மங்கலாக இருந்தால் அதன் மீது ரைட் கிளிக் செய்து எனேபிள் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

அந்த ஐகானே இல்லையா? டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற பெயரும் மஞ்சள் நிற ஆச்சரியக் குறியும் இருந்தால் கார்டு உள்ளே இருக்கிறது, அதற்கான டிரைவர் இல்லை. அதன் ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் டேப் சென்று, ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சில எண்கள் கிடைக்கும். அதில் முதல் எண் 8086 என்றிருந்தால் கார்டு இன்டெல் தயாரிப்பு. இந்த எண்களை வைத்து லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலோ கார்டு நிறுவனத்தின் தளத்திலோ சரியான டிரைவரைக் கண்டுபிடிக்கலாம். நெட் இல்லாத லேப்டாப்பில் எப்படி டவுன்லோடு செய்வது? வேறு கம்ப்யூட்டரில் இறக்கி பென் டிரைவில் கொண்டு வரலாம். அல்லது ரௌட்டரையும் லேப்டாப்பையும் லேன் கேபிளால் இணைக்கலாம். பழைய லேப்டாப்களில் லேன் போர்ட் இருப்பது நல்ல வசதி. இப்போது வரும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் அது கிடையாது.

கார்டே பழுதாகிவிட்டதா என்ற சந்தேகம் வந்தால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே லேப்டாப்பை பூட் செய்து பாருங்கள். அதில் வை-ஃபை கிடைத்துவிட்டால் கார்டு நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸில்தான். கார்டு போய்விட்டது என்று யாராவது பில் போடும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

வீட்டு வை-ஃபை பெயரே தெரியவில்லை

பக்கத்து வீட்டு வை-ஃபை பெயரெல்லாம் தெரிகிறது, நம் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை என்றால் லேப்டாப்பில் பழுது எதுவும் இல்லை. வீட்டு வை-ஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய அலைவரிசைகளில் இயங்குகிறது. பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரௌட்டரில் 5 மட்டும் இயங்கினால் அவற்றுக்கு அப்படி ஒரு ரௌட்டர் இருப்பதே தெரியாது. ரௌட்டர் செட்டிங்ஸில் 2.4 அலைவரிசையையும் இயக்கி, அதற்கு வேறு பெயர் கொடுத்துவிடுங்கள். செட்டிங்ஸுக்குச் செல்லும் முகவரி ரௌட்டரின் அடிப்பக்க லேபிளில் இருக்கும். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

சேனல் எண்ணையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் விற்ற லேப்டாப்கள் பொதுவாக 1 முதல் 11 வரையிலான சேனல்களை மட்டுமே பார்க்கும். நம் ஊர் ரௌட்டர் தானாகவே 12 அல்லது 13க்குப் போய்விட்டால், மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய லேப்டாப்பில் வை-ஃபை மறைந்துவிடும். சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் நிலையாக வைத்துவிட்டால் தீர்ந்தது.

பாஸ்வேர்டு சரி, ஆனாலும் ஏற்கவில்லை

ரௌட்டரைத் திறந்துவிடச் சொல்லும் யோசனை இந்தக் கட்டத்தில்தான் வரும். ஏன் ஏற்கவில்லை என்று தெரிந்துகொண்டால் அந்த யோசனை எவ்வளவு தவறு என்பது புரியும்.

வை-ஃபைக்கு முதலில் வந்த பூட்டு டபிள்யூ.இ.பி. அதில் அடிப்படைக் குறை இருப்பதை 2001லேயே ஆராய்ச்சியாளர்கள் காட்டிவிட்டனர். 2007ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் அதை உடைக்க முடியும் என்று நிரூபித்தனர். இதற்கிடையே 2003ல் டபிள்யூ.பி.ஏ., 2004ல் டபிள்யூ.பி.ஏ.2 வந்தன. 2018ல் டபிள்யூ.பி.ஏ.3 வந்தது. உங்கள் லேப்டாப்புக்கு டபிள்யூ.பி.ஏ.2 வரைதான் தெரியும், ரௌட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் இருக்கிறது என்றால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் உள்ளே விடாது. விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் என்றால் 2008ல் வந்த சர்வீஸ் பேக் 3 இருக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூ.பி.ஏ.2 வசதி அதனுடன் சேர்ந்தே வருகிறது.

இதற்குச் சரியான வழி, ரௌட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் என்ற தனி இணைப்பை 2.4 அலைவரிசையில் உருவாக்குவது. அதற்கு டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்து நீளமான பாஸ்வேர்டு கொடுங்கள். லேப்டாப் அதில் இணையட்டும். வீட்டின் முக்கிய இணைப்பு இருந்தபடியே இருக்கும். கெஸ்ட் வசதி இல்லாத ரௌட்டரில் முக்கிய இணைப்பையே டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ். என வைக்கலாம்; பாஸ்வேர்டு நீளமாக இருந்தால் வீட்டு உபயோகத்துக்கு அது போதும். அதற்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள்.

"எங்கள் தெருவில் யார் வந்து வை-ஃபை திருடப் போகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சம் டேட்டா போனால் போகட்டும் என்பது அவர்கள் எண்ணம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு டிவி நிறுவனங்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. போலீசார் அது எங்கிருந்து வந்தது என்று தேடியபோது நவி மும்பையில் ஒரு வீட்டு இணைப்பில் போய் நின்றது. பூட்டில்லாத அந்த வை-ஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தனர். விசாரணைக்கு முதலில் ஆளானவர் அந்த வீட்டுக்காரர்தான். உங்கள் இணைப்பில் யார் என்ன செய்தாலும் முதலில் தட்டப்படும் கதவு உங்களுடையது.

பாதுகாப்பை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இதில் நஷ்டம் உண்டு. ரௌட்டரில் டபிள்யூ.இ.பி. அல்லது டி.கே.ஐ.பி. முறையைத் தேர்ந்தெடுத்தால் அந்த இணைப்பில் வேகம் 54 எம்.பி.பி.எஸ்.க்கு மேல் போகாது. 2009ல் வந்த 802.11 என் தரத்தின் வேகம் பழைய பூட்டுகளோடு கிடைக்காதபடிதான் விதி. ஒரு பழைய லேப்டாப்புக்காக வீட்டிலுள்ள எல்லோரும் மெதுவான நெட்டில் காத்திருக்க வேண்டியிருக்கும். வை-ஃபை பெயரை மறைத்து வைத்தால் பூட்டு வேண்டாம் என்பதும் தவறு. பெயரை மறைத்தாலும் எளிய சாஃப்ட்வேர்கள் அதைக் கண்டுபிடித்துவிடும்.

கனெக்ட் ஆகிறது, தளம் திறக்கவில்லை

இணைப்பின் ஸ்டேட்டஸ் விண்டோவில் டீடெய்ல்ஸ் கிளிக் செய்து ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். ரௌட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்து இயக்கி, மீண்டும் இணைத்துப் பாருங்கள். முகவரி சரியாக இருந்தும் ஒவ்வொரு தளமும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால், திரையின் கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறிய சிமாஸ் பேட்டரி தீர்ந்த லேப்டாப்கள் பல வருடங்கள் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை பிரவுசர் ஏற்காது. தேதியைத் திருத்தி, பேட்டரியை மாற்றினால் போதும். பெரும்பாலானவற்றில் அது விலை குறைந்த பட்டன் பேட்டரிதான்.

இணைப்பு அடிக்கடி அறுந்து போகிறதா? டிவைஸ் மேனேஜரில் வயர்லெஸ் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ் சென்று பவர் மேனேஜ்மென்ட் டேபைத் திறக்கவும். மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டை நிறுத்திவிடலாம் என்று அனுமதி தரும் டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே கொடுத்து வெளியேறவும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

டபிள்யூ.பி.ஏ.2 தெரியாத மிகப் பழைய கார்டு என்றாலோ கார்டு உண்மையிலேயே பழுது என்றாலோ, யு.எஸ்.பி.யில் செருகும் வை-ஃபை அடாப்டர் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வாங்கும்முன் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் உண்டா என்று அட்டைப் பெட்டியில் பார்த்துவிடுங்கள். உள்ளே இருக்கும் கார்டை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். பழைய திங்க்பேட், எச்.பி. மாடல்கள் சில, தங்கள் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் பூட் ஆகவே மறுக்கும். காசு கொடுத்து வாங்கியவர் தன் லேப்டாப்பில் எந்தக் கார்டைப் போடலாம் என்பதை நிறுவனம் தீர்மானித்தது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நெட் வந்துவிட்டது என்பதற்காகப் பழைய லேப்டாப்பில் எல்லாவற்றையும் செய்துவிட வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 உடனும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 உடனும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் பாங்க் கணக்கைத் திறக்காதீர்கள், கார்டு எண்ணைத் தராதீர்கள். பிள்ளைகளின் பாடம், டைப்பிங் பயிற்சி, செய்தி படிப்பது என அதற்கு வேலை நிறைய இருக்கிறது. லேப்டாப் தாக்குப்பிடித்தால் இப்போதும் ஆதரவு பெறும் லினக்ஸ் ஒன்றை இன்ஸ்டால் செய்து இன்னும் சில வருடங்கள் ஓட்டலாம்.

அடுத்த முறை யாராவது "பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள், கனெக்ட் ஆகிவிடும்" என்று சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஸ்விட்ச், டிரைவர், அலைவரிசை, பூட்டு, தேதி என்ற இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி லேப்டாப் பையில் வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும், வரிசையாகப் பார்த்து முடித்துவிடலாம்.